நாற்பது புள்ளிக்குள் ஒரு கப்பல்

கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டிக்கொண்டேன்.
சரக்கு ரயில். ஐம்பத்தெட்டுப் பெட்டி.
எண்ணி முடித்து
லேத் பட்டறை மாடிக்கு ஏறுவதற்குள்
மூன்று பேரும் என் கப்பலைக்
கழற்றிப் போட்டிருந்தார்கள்.

ஒரு மாதமாய் வரைந்தது,
கட்டம் போட்ட நோட்டில்.
கூர் மூக்கு, இரண்டு பீரங்கி,
கேப்டனுக்குத் தனி அறை.
எல்லாம் சேர்த்து நாற்பது புள்ளி.
அதற்கு மேல் போகக் கூடாது என்பது
நானே எழுதிய விதி.

"கக்கூஸ் எங்க?" என்றாள் மெர்லின்.
துறைமுக யார்டில் கிரேன் ஓட்டுகிறவள்.
அறுபதடி உயரக் கண்ணாடிக் கூண்டில்
எட்டு மணி நேரம் அடக்கத் தெரிந்தவள்.
"பதினோரு மாசப் பயணம்னு போட்டுக்கீற.
கக்கூஸ் எங்க?"
ஒரு பீரங்கியை அழித்தேன்.
"தண்ணி டேங்க்?"
இன்னொன்றும் போனது.

பாத்திரக் குறிப்பில் ரிஸ்வானா எழுதியிருந்தாள்:
வியாழனுக்கு அந்தப் பக்கம் சொந்தமாய் ஒரு நிலா.
உடன்பிறந்தோர் இல்லை. கடன் இல்லை.
ஆளுக்கு ஒரு பழைய காயமாவது வேண்டும்,
அப்போதுதான் கதை நகரும் என்றேன்.
தண்டையார்பேட்டையில் ஒற்றை அறை,
நான்கு தங்கைகள்,
எல்லோருக்கும் சேர்த்து ஒரு கண்ணாடி.
"வாரத்துக்கு நாலு மணி நேரம்
காயமே இல்லாத ஒருத்தியா இருந்துட்டுப் போறேனே"
என்றாள்.
விட்டுவிட்டேன்.

கப்பல் மேலே நிற்கும், தரையிறங்க வண்டி?
டெல்லிபாபு பால்பாயிண்டில் போட்டுக் காட்டினான்.
முன்னால் பலகை, பின்னால் ஆள், மூன்று சக்கரம்,
காயலான் கடை மோட்டார்.
மீன்பாடி.
பலகையில் சரக்கு ஏற்றினால் எதிரே எப்படித் தெரியும்?
"காசிமேட்ல மட்டும் தெரியுதா?"
காற்றில்லாத ஊரில் புகை எங்கே போகும்?
"அது போவுது எங்கனா."
பதிவு எண்: இல்லை.
எத்தனை புள்ளி என்று பட்டியலைப் புரட்டினேன்.
"லிஸ்ட்லயே இல்லாத வண்டிக்கு
எப்டிபா புள்ளி கேப்ப?"
பூஜ்யம் என்று எழுத வேண்டியதாயிற்று.
மூக்கை இழந்த கப்பலின் வயிற்றில்
ஓசியாய் ஏறி உட்கார்ந்தது மீன்பாடி.

அவன் குறிப்பில் ஒரு கட்டம் மட்டும் காலி.
சொந்த கிரகம்.
"அங்க இருக்கறவங்க இத கேப்பாங்களா?
எந்த ஏரியான்னு?"
மாடியில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
வேலை விண்ணப்பங்களில் அவன்
வியாசர்பாடியை அடித்துப்
பெரம்பூர் என்று எழுதுவது எங்களுக்குத் தெரியும்.
எனக்கு இன்னொன்றும் தெரியும்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
'நம்பிக்கை அட்டவணை' என்று தலைப்பிட்டு
வெளிவட்டத்தில் பிறந்தவர்க்கு மைனஸ் இரண்டு
என்று போட்டு வைத்திருந்தேன்,
நிஜம் போல இருக்கட்டும் என்று.

பக்கத்தை மடித்தேன்.
அதற்குள் பார்த்துவிட்டான்.
கிழித்துவிடுகிறேன் என்றேன்.
"இருக்கட்டும்" என்றான்.
பேனாவை எடுத்து, கட்டத்தை மீறி வழிய,
வியாசர்பாடி, பிளாக் எண், கதவெண்,
பின்கோடு வரை எழுதினான்.
"மைனஸ் ரெண்டோடவே உருட்டறேன்.
கதவத் தொறக்கறானா பாப்போம்."

இருபது முகப் பகடை
பாயைத் தாண்டி உருண்டு
பலகை இடுக்கில் விழுந்து
கீழே இரும்பில் பட்டுத் தெறித்தது.

போன் வெளிச்சத்தில் படியிறங்கினோம்.
லேத்துக்கு அடியில், சுருள் சுருளான சீவலுக்குள்
எண்ணெய் பூசிக்கொண்டு கிடந்தது.
"யாரும் தொடாதீங்க" என்று கத்தினாள் மெர்லின்.
நாலு தலையும் முட்டக் குனிந்தோம்.
பதினொன்று.
இரண்டு போக ஒன்பது.

ஒன்பது போதுமா என்று
மூவரும் என்னைப் பார்த்தார்கள்.
கதவு எத்தனைக்குத் திறக்கும் என்பதை
நான் இன்னும் எழுதியிருக்கவில்லை.